கால்கூர்லித் தொகுதியின் வரலாறு

தேர்தல் தொகுதி என்பது நிலப்படத்தில் வரைந்த சில கோடுகளேயன்றி வேறில்லை என்பர் சிலர். கோடுகள் மாறும், பெயர்களும் மறையும், ஆயினும் அக்கோடுகளுக்குள் வாழ்ந்த மக்கள் எழுப்பிய வினாக்கள் மறைவதில்லை. இதற்குச் சான்றாக, ஆஸ்திரேலியக் கூட்டாட்சியில் 1901 முதல் 2010 வரை நிலவிய கால்கூர்லித் தொகுதியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாடு மழை அருகிய வறண்ட நிலம். 1893ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐரிஷ்காரராகிய பாட்ரிக் ஹானனும் அவர்தம் தோழர் இருவரும் அங்கே பொன் கண்டனர். செய்தி பரவவே பல்லாயிரவர் திரண்டனர், பாழ்நிலம் பட்டினமாயிற்று. ஆனால் அங்கே நீர் அரிதாயிருந்தது. ஓகானர் என்னும் பொறியியலறிஞர் வகுத்த திட்டப்படி, 300 மைலுக்கு மேற்பட்ட தூரம் குழாய் பதித்து 1903இல் நீர் கொணர்ந்தனர். அந்நீர் வந்து சேர்வதைக் காணாமலே 1902இல் அவர் மறைந்தார்.

பொன்வயல் மக்கள் கூட்டாட்சியில் பெருவிருப்புடையர். காலனி அரசாங்கம் தயங்கியபோது, தம்மைத் தனிக் காலனியாகப் பிரிக்குமாறு விக்டோரியா மகாராணியாருக்கு விண்ணப்பித்தனர். அக்கிளர்ச்சியில் முன்னின்ற பத்திரிகாசிரியர் ஜான் கர்வனே 1901இல் இத்தொகுதியின் முதற் பிரதிநிதியாயினார். எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. அந்நிலத்தின் ஆதிக்குடிகள் அனைவர்க்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிட்டியது 1962இலேயாம்.

இத்தொகுதியின் வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி 1920இல் நேர்ந்தது. அப்பொழுது அங்கத்தினராயிருந்தவர் ஹியூ மாஹன் என்னும் தொழிற்கட்சியினர். அவர் அயர்லாந்தில் பிறந்தவர். 1881இல் அந்நாட்டு நிலக்கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறை புகுந்தவர். கார்க் நகரத் தலைவர் டெரன்ஸ் மக்ஸ்வினி இலண்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து 1920 அக்டோபர் 25இல் உயிர் நீத்தார். அது குறித்து மெல்பர்னில் நவம்பர் 7ஆம் நாள் கூடிய பொதுக்கூட்டத்தில் மாஹன் பிரிட்டிஷ் பேரரசைக் கடுமொழிகளாற் கண்டித்தார். உடனே பிரதம மந்திரி ஹியூஸ், இஃது இராஜத் துரோகமென்றும், அங்கத்தினர் செய்த பிரமாணத்திற்கு மாறென்றும் கூறித் தீர்மானங் கொணர்ந்தார். நவம்பர் 12இல் சபை மாஹனை வெளியேற்றியது. அடுத்த டிசம்பரில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் அவர் மீண்டும் நின்று தோல்வியுற்றார்; ஆளுங்கட்சியினராகிய ஃபோலி வென்றார். எதிர்க்கட்சியின் இடத்தை ஆளுங்கட்சி இடைத்தேர்தலிற் கைப்பற்றுதல் அதன்பின் 2023 வரை நிகழவில்லை.

மாஹன் மொழிந்தது தகுமா, தகாதா என்பது ஒரு வினா. மக்கள் தேர்ந்தவரைச் சபைப் பெரும்பான்மையோர் நீக்கலாமா என்பது பிறிதொரு வினா. முன்னதை வைத்துப் பின்னதைத் தீர்த்தல் முறையன்று. இன்று பெரும்பான்மையோராயிருப்பவர் நாளை சிறுபான்மையோராதல் கூடும். அப்போது அதே படைக்கலம் அவர்மேலேயே பாயும். ஆஸ்திரேலியப் பாராளுமன்றமும் 1987இற் சட்டமியற்றி, அங்கத்தினரை வெளியேற்றும் அதிகாரத்தைத் தானே துறந்தது. அப்பாராளுமன்றத்தினின்று வெளியேற்றப்பட்டவர் மாஹன் ஒருவரே.

தன் இறுதிக் காலத்தில் இத்தொகுதி ஏறக்குறைய 23 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. அஃது இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கினும் மிகுதி. 2010இல் அது பகுக்கப்பட்டபோது, கால்கூர்லி நகரம் ஓகானர் என்னும் தொகுதியிற் சேர்ந்தது. நீர் கொணர்ந்தவர் பெயர் தாங்கிய தொகுதியில் அந்நகர் அமைந்தது பொருத்தமே. தொகுதி மறைந்தது, அது கற்பித்த பாடமோ மறையற்பாலதன்று. பிரதிநிதியைத் தேர்ந்தவர் மக்கள்; அவரை விலக்கும் உரிமையும் மக்களுக்கே உரியது.