பைத்தான் 2-லிருந்து 3-க்கு: சத்தம் போடாத பிழைகளைப் பிடியுங்கள்

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. செயலிகளை ஓட்டும் கூகுளின் சேவையான ஆப் எஞ்சினும் 2.7 பதிப்புக்கான ஆதரவை 2024 ஜனவரி 31-இல் நிறுத்திக்கொண்டது. ‘ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று அங்கே விட்டுவைத்த பழைய செயலியை மாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில் பட்டியல்

கோடில் கை வைக்கும் முன், செயலி எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று எழுதிவையுங்கள். வெப்ஆப்2 என்ற பழைய ஃபிரேம்வொர்க் இருந்தால் ஃபிளாஸ்க்குக்கு மாறுங்கள். ஆப் எஞ்சினோடு வந்த என்டிபி, மெம்கேஷ், டாஸ்க் க்யூ ஆகியவற்றைப் பைத்தான் 3-இலும் பயன்படுத்த கூகுள் வழி வைத்திருக்கிறது. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் போகாதீர்கள்.

2. பேசாமல் மாறும் விடைகள்

அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் பிரச்சினையே அல்ல. செயலி உடனே நின்று காட்டிக்கொடுத்துவிடும். நிற்காமல் தப்பு விடை தருவதுதான் ஆபத்து. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. 2.5-ஐ ரவுண்ட் செய்தால் பழையதில் 3. புதியது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போய் 2 என்று சொல்லும். பில் தொகையில் இது நடந்தால் எந்த எச்சரிக்கையும் வராது, கணக்குப் பிரிவிலிருந்து போன்தான் வரும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழையது பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். புதியது 5 என்று சொல்லும். பெயருக்கு நீள வரம்பு வைத்த இடங்களையெல்லாம் தேடிப் பாருங்கள்.

இதற்கு ஒரே மருந்து ஒப்பீடுதான். பழைய செயலி தரும் விடைகளைச் சேமித்து, அதே கோரிக்கைகளைப் புதியதற்கும் அனுப்பி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

3. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்

டிப்ளாய் செய்யும்போது ‘நோ-ப்ரொமோட்’ கொடுத்தால் புதிய பதிப்பு ஏறும், டிராஃபிக் போகாது. சோதித்த பிறகு 1 சதவீதம், 10 சதவீதம் என்று கூட்டுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் நாட்களில் மெம்கேஷ் சாவிகளுக்குத் தனித்தனி முன்னொட்டு வையுங்கள். பைத்தான் 3 பிக்கிள் செய்து வைத்ததைப் பழையதால் படிக்க முடியாமல் போகலாம். பழைய பதிப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சிக்கல் வந்தால் டிராஃபிக்கைத் திருப்ப அதுதான் கைகொடுக்கும்.

4. மேலாளரிடம் பேசுங்கள்

‘கோடு பழசு’ என்றால் நேரம் கிடைக்காது. ‘பாதுகாப்புத் திருத்தம் இனி வராது’ என்று சொல்லுங்கள். கூடவே ஒரு நிபந்தனை: மாற்றம் முடியும்வரை அதே வெளியீட்டில் புதிய வசதி எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால், ஒப்பீட்டில் தெரியும் வித்தியாசம் பிழையா புது வசதியா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை முடிந்த பிறகு ரெஸ்யூமேயிலும் ‘பைத்தான் 3-க்கு மாற்றினேன்’ என்று நிறுத்தாதீர்கள். எந்தப் பிழையை, எந்தச் சோதனையால், வாடிக்கையாளர் பார்க்கும் முன் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.