ஸ்பீக்கரைக் கண்ணாலும் கேட்கலாம்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் எதைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வடிவம் எதற்காக? ஒலியிலிருந்து பதில் வந்தால் அந்த அழகு சலிக்காது. பதில் வராத அழகுக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த நாட்டிலஸைப் பாருங்கள். லாரன்ஸ் டிக்கி வடிவமைத்தது. பெரிய நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் அனுப்பும் ஒலியைப் பின்னாலும் தள்ளுகிறது. அது பெட்டிக்குள் மோதித் திரும்பினால் இசை கலங்கும். டிக்கி அந்தப் பின்னொலியைப் போகப் போகக் குறுகும் குழாய்களுக்குள் விட்டு அடங்கச் செய்தார். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கான குழாய் மிக நீளம். அறைக்குள் அடங்கவே அதைச் சுருட்டினார்கள்.

இப்படிப் பார்த்துப் பழகியதில் நான் கைக்கொள்ளும் சில வழிகள்:

விளிம்பைத் தடவிப் பாருங்கள். முன்பலகையில் பரவும் ஒலி கூரிய விளிம்பில் சிதறி, நேராக வரும் ஒலியோடு சற்றுத் தாமதமாகக் கலக்கிறது. பெட்டியின் வடிவம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்பதை ஒலிப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-லேயே அளந்து காட்டினார்: உருண்டை சீராக ஒலித்தது, கனசதுரம் மிகவும் தடுமாறியது.

பக்கங்களைக் கவனியுங்கள். ஃபிராங்கோ செர்ப்ளின் உருவாக்கிய சோனஸ் ஃபேபர் நிறுவனத்தின் குவர்னேரி ஓமாஜ் ஸ்பீக்கரில் பக்கப் பலகைகள் வளைந்தவை. எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இல்லாததால் உள்ளே ஒலி ஒரே இடத்தில் தேங்கி நிற்பது குறைகிறது.

பெட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொக்' என்று உடனே அடங்க வேண்டும். 'டங்' என்று நீண்டால் பெட்டியும் சேர்ந்து பாடும்.

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை உள்ள உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் ஏறத்தாழ அந்த உயரத்தில் இருப்பது நல்லது.

வைக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பால் கிளிப்ஷ் 1946-ல் வெளியிட்ட கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் மூலைக்கென்றே பிறந்தது. அறையின் இரு சுவர்களும் அதன் ஹார்ன் என்ற விரிகுழலின் நீட்சி. பீட்டர் வாக்கரின் 1957-ஆம் ஆண்டு குவாட் ஸ்பீக்கர் நேர்மாறு. அதற்குப் பெட்டியே கிடையாது. மெல்லிய படலம் முன்னும் பின்னும் ஒலிக்கும். பின்சுவரிலிருந்து தள்ளி வைத்தால்தான் அதன் அருமை தெரியும்.

மரத்தின் மினுமினுப்பையும் அரக்கின் நிறத்தையும் கடைசியாகப் பாருங்கள். தினமும் கண்ணில் படும் பொருள், பிடித்த நிறத்தில் இருக்கட்டும். ஆனால் விற்பவர் நிறத்தைப் பற்றி மட்டுமே பேசினால், வளைவைக் காட்டிக் காரணம் கேளுங்கள். சரியான பதில் கிடைத்த பிறகு, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் காது கொடுங்கள். முடிவைக் காது சொல்லட்டும்.