பழைய விளையாட்டும் புதிய யந்திரமும்

கேள்வி: பள்ளிப் பருவத்தில் விளையாடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் டாஸ் பதிப்பை விண்டோஸ் 11 கணினியில் திறந்தால், இயங்காது என்றே செய்தி வருகிறது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: கோப்பின்மீது குற்றமில்லை. ஜோர்டான் மெக்னரின் சிருஷ்டியாக 1989-இல் ஆப்பிள் II யந்திரத்துக்கென வெளிவந்து, மறு வருஷமே டாஸ் உலகிலும் பிரவேசித்த அவ்விளையாட்டு 16 பிட் நிரல். அத்தகைய நிரல்களைத் தாங்குவதற்கென இன்டெல் வகைப் பிராசஸர்களில் அமைந்திருந்த விசேஷ நிலை, அவை 64 பிட் முறையில் இயங்கும்போது கிடைப்பதில்லையாதலால், 32 பிட் விண்டோஸில் இருந்த டாஸ் துணைப்பகுதி 64 பிட் பதிப்புகளில் இடம்பெறாமற் போயிற்று. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது.

ஆகவே டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நாடுவதே உத்தமம். பழைய பிராசஸர், விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை ஆகிய யாவற்றையும் மென்பொருளாலேயே பாவனை செய்து, அந்நாளைய கணினி ஒன்றை முழுமையாகத் தங்கள் கணினிக்குள் எழுப்பித் தரும் அந்த மகத்தான பிரயத்தனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதில் ‘மவுண்ட்’ கட்டளையால் விளையாட்டுள்ள ஃபோல்டரை ‘சி’ டிரைவாக்கி, அங்கே சென்று நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும்.

மெக்னர், தொலைந்ததென எண்ணியிருந்த பழைய டிஸ்க்குகளிலிருந்து ஆப்பிள் பதிப்பின் மூல நிரலை மீட்டு 2012-இல் யாவரும் காண வெளியிட்டார் என்பதையும், தங்களைப்போன்ற அபிமானிகளுக்கு நான் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

டாஸ்பாக்ஸில் விளையாடும்போது இளவரசன் மிக வேகமாக ஓடினால், கண்ட்ரோல் விசையுடன் எஃப்11-ஐ அழுத்துங்கள்; தயங்கி நடந்தால் எஃப்12.