சியாட்டில் குப்பை நிலையத்துக்கு முதல் நடை: முழுமையான வழிகாட்டி

வீட்டைக் காலி செய்யும்போதும், காற்றில் ஒடிந்த கிளைகளை வாரும்போதும் வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டி போதாது. அப்போது டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். சியாட்டில் மாநகராட்சிக்கு நகரின் வடபகுதியில் ஒன்று, தென்பகுதியில் ஒன்று என இரண்டு உண்டு. குப்பை அங்கே தங்குவதில்லை. பெட்டிகளில் அடைபட்டு ரயிலில் ஆரிகன் மாநிலத்தின் ஆர்லிங்டன் பக்கம் போய்ப் புதைகிறது.

1. வீட்டிலேயே பிரியுங்கள்

பாதி வேலை இதுதான். தழை, சருகு, கிளை ஒரு குவியல், அட்டை, உலோகம் ஒரு குவியல், மிச்சம்தான் குப்பை. தோட்டக் கழிவு உரமாகப் போவதால் அதற்குக் கட்டணம் குறைவு. மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணமே இல்லை. தழைக்குள் பிளாஸ்டிக் தொட்டியோ சாயமடித்த பலகையோ கிடந்தால் மொத்தமும் குப்பை விலைக்குப் போய்விடும்.

2. கொண்டுபோகக் கூடாதவை

பூச்சிமருந்து, எண்ணெய் பெயின்ட், டியூப்லைட் ஆகியவற்றுக்குத் தனி மையங்கள் உண்டு. ஒன்று ஹாலர் லேக் அருகில். வீட்டுக்காரர்களிடம் அங்கே காசு வாங்குவதில்லை. பழைய டிவி, கம்ப்யூட்டரை 2009 முதல் மாநிலத் திட்டமே இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது.

3. ஏற்றிக் கட்டுங்கள்

கடைசியில் கொட்டுவதை முதலில் ஏற்றுங்கள். மேலே தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். பக்கத்தில்தானே என்று விடாதீர்கள். 2004-இல் ரென்டன் அருகே ஒரு டிரெய்லரிலிருந்து பறந்த பலகை, பின்னால் வந்த காரின் கண்ணாடியைத் துளைத்தது. ஓட்டிவந்த இளம்பெண் பார்வையை இழந்தார். அடுத்த ஆண்டே, கட்டாத சுமையால் ஒருவருக்குப் பெருங்காயம் நேர்ந்தால் அது குற்றம் என்று வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியது. அவிழ்ந்த சுமையோடு போனால் நிலையத்திலும் கூடுதல் கட்டணம் உண்டு.

4. எடைமேடை

நுழையும்போது வண்டியோடு ஓர் எடை, காலி செய்து திரும்பும்போது இன்னோர் எடை. வித்தியாசத்துக்குத்தான் பணம், கொஞ்சமே கொண்டுபோனாலும் குறைந்தபட்சத் தொகை உண்டு. குப்பையும் தழையும் சேர்ந்திருந்தால் சாவடியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதை முதலில் கொட்டுவது, எப்போது மறுபடி எடை போடுவது என்று அவர்களே வழிகாட்டுவார்கள்.

5. உள்ளே

மூடிய காலணி, கனத்த கையுறை அவசியம். பெரிய இயந்திரங்கள் ஓடும் இடம். குழந்தைகள் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. யாரோ போட்ட நல்ல நாற்காலி கண்ணில் பட்டாலும் எடுக்க அனுமதியில்லை. ஒரு துடைப்பம் கொண்டுபோங்கள். வண்டித் தரையில் ஒட்டிய மண்ணையும் சருகையும் கூட்டித் தள்ளிவிட்டு இரண்டாம் எடைக்கு வண்டியை எடுங்கள்.