ஒரே பாதம்... இரண்டு டாக்டர்... இரண்டு பதில்!

"ஐயா, காலையில வந்த டாக்டர், அப்பாவோட கால் பெருவிரல் மேலே போகுது, மூளை நரம்புல பாதிப்புன்னார். சாயங்காலம் வந்தவர் அப்படி ஒண்ணும் தெரியலேங்கறார். யாரைத்தான் நம்பறது?"

பக்கவாதத்தில் ஒரு கால் துவண்டுபோன தந்தைக்காக என்னிடம் வந்த பெண்மணி கேட்டது இது. குழப்பத்தில் கொடுத்துவந்த மாத்திரைகளையே நிறுத்திவிட்டார்!

வாசகர்களே, இருவருமே நல்ல டாக்டர்களாக இருக்கலாம். வம்பு அந்தச் சோதனையில் இருக்கிறது.

உள்ளங்காலின் வெளி ஓரத்தில் குதிகாலிலிருந்து மேலாகக் கீறினால், பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே நிமிர்ந்தால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் நரம்புப் பாதையில் பழுது என்று பொருள். (கைக்குழந்தைக்கு மேலே போவது இயல்பு, பயப்படாதீர்கள்.) பாரிஸ் நகரத்து ஜோசப் பாபின்ஸ்கி 1896-ல் சொன்னது இது. ஆனால் கூச்சமுள்ளவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஒரு டாக்டர் அழுத்திக் கீறுவார், இன்னொருவர் மெதுவாக. விரல் லேசாக அசைந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வந்தவர் கண்ணுக்கு மேலே போவதாகத்தான் தெரியும்!

2005-ல் 'நியூராலஜி' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஆட்களைப் பல டாக்டர்கள் தனித்தனியே சோதித்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சில தடவை ஒத்துப்போகும் அல்லவா? அதைக் கழித்துவிட்டுப் போடும் மார்க்குக்கு 'கப்பா' என்று பெயர். முழு ஒற்றுமை இருந்தால் 1. வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்றால் 0. பெருவிரல் சோதனை வாங்கியது 0.30. பாதத்தால் வேகமாகத் தட்டச் சொல்லி, மந்தமாக இருக்கிறதா என்று பார்த்தது 0.73!

நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? கல்லூரியில் ஒரே நோயாளியின் நாடியை மூன்று மாணவர்கள் பிடித்துவிட்டு, வாதம், பித்தம், கபம் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறோம். ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆகவே ஒரு விரலை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். "கை, கால் பலம், பேச்சு, ஸ்கேன் எல்லாம் சேர்த்து என்ன தெரியுது டாக்டர்?" என்று கேளுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நாடி பார்க்க என்னிடம் வரவேண்டாம். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அந்தப் பெண்மணியை அன்றைக்கே அதே ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினேன். என் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.