கை ஓங்குமுன்: தற்காப்புப் பற்றி ஒரு பாடம்



கர்க்லாண்டிலும் அயலிலும் வாழும் நம் குடும்பங்களில் மகளைப் பரதத்துக்கும் மகனைக் கராத்தேக்கும் அனுப்புவது வழமை. "நாலு அடி அடிக்கத் தெரிந்தால் போதும்" என்பதே நம்மிற் பலரின் எண்ணம். நல்ல ஆசான்கள் அப்படி எண்ணுவதில்லை.

கேரளத்தின் வடகரையைச் சேர்ந்த களரி ஆசான் மீனாட்சி அம்மாவை எடுத்துக்கொள்வோம். நடனம் சிறக்கட்டும் என்றே சுமார் ஏழு வயதில் அவரைத் தந்தையார் களரிக்கு அழைத்துச் சென்றார். பருவமடைந்ததும் பெண்கள் களரியை விட்டுவிடும் காலம் அது, அவர் விடவில்லை. ஆண், பெண் பேதமின்றிக் கற்பித்து வந்த அவருக்கு, எழுபது வயது கடந்த பின் 2017இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

களரியின் பாடவரிசையே ஒரு தத்துவம். முதலில் மெய்த்தாரி, அதாவது உடலைப் பழக்குதல். அடுத்து கோல்த்தாரி: தடி. பின்னர் அங்கத்தாரி: வாள், கேடயம் முதலியன. வெறுங்கைப் பாடம் கடைசியில்தான் வரும். ஏனெனில் அதில் வர்மப் புள்ளிகளின் அறிவு அடங்கியுள்ளது. மாணவனின் பொறுமையையும் குணத்தையும் பல ஆண்டுகள் பார்த்த பின்னரே ஆசான் அதைச் சொல்லிக் கொடுப்பார்.

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. வேல் விடுமுன் முருகப்பெருமான் வீரவாகு தேவரைத் தூது அனுப்பினார். முதலில் சொல், கடைசியில்தான் வேல்.

கனடாவின் குற்றவியல் சட்டமும் தற்காப்பை ஏற்கிறது. ஆனால் செய்த செயல் அச்சூழ்நிலைக்கு நியாயமானதாக இருக்க வேண்டும். ஓடிப்போகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பாகாது.

பிள்ளைகளோடு வீட்டில் பழக வேண்டியவை:

1. தள்ளி நிற்றல். சந்தேகம் வந்தால் இரண்டு கை நீளம் விலகி, வெளியேறும் வழியைப் பார்க்கவும்.

2. குரல். "வேண்டாம், விடு" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உரத்துச் சொல்லப் பழகவும். கூச்சமே முதல் எதிரி.

3. மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி இழுக்கவும். பிடியின் பலவீனமான இடம் அதுவே.

4. விடுபட்டதும் ஆட்கள் உள்ள இடத்துக்கு ஓடி, 911ஐ அழைக்கவும்.

ஐந்தாவது பாடம் பெற்றோருக்கு. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். "மாமா தானே, மரியாதையாக நில்" என்று நாம் அடக்கினால், மேலே சொன்ன நான்கும் பயன்படா. மூத்தோரை வணங்கக் கற்பிக்கும் நாம், தகாத தொடுகைக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையையும் கொடுக்க வேண்டும். பிள்ளை வந்து சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்று கேளாமல், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

சிந்திக்க: நம் பிள்ளை பயந்துபோனால் முதலில் யாரிடம் சொல்லும்? இன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுப் பாருங்கள்.

வேலவன் துணை.