நனைந்த போட்டோ

கோபிநத்தம் காட்டோரத்து ஊர். கர்நாடகத்தில் உள்ளது. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. கோபிநத்தம் அதில் சேர்ந்தது. இங்கே தமிழ் பேசுவோர் அதிகம்.

இந்த ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரு மனிதரின் படம் உண்டு. அவர் வன அதிகாரி சீனிவாஸ். ஊர் மக்களுக்காகப் பாடுபட்டவர். 1991 நவம்பர் 10ஆம் நாள் வீரப்பனால் கொல்லப்பட்டார். அவர் போய்விட்டார். படம் இருக்கிறது. மக்கள் அவரை மறக்கவில்லை.

வீட்டில் உள்ள படங்களும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் நடந்ததைப் பார்ப்போம். இரவு நல்ல மழை. ஓடு ஒழுகியது. சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்துக்குள் தண்ணீர் இறங்கியது. அது பழைய கறுப்பு வெள்ளைப் படம். தாத்தாவுக்கு வேறு படமே கிடையாது. ஆயா அழுதார்.

பேத்தி படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்க்கப் போனாள். அப்போது மாமா வந்தார். அவர் மேட்டூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். இருட்டறையில் படம் கழுவியவர்.

"பிய்க்காதே கண்ணு! தோல் உரிந்துவிடும்" என்றார் மாமா.

"போட்டோவுக்குத் தோல் உண்டா மாமா?"

"உண்டு. தாளின் மேல் ஜெலட்டின் என்ற பசை பூசியிருக்கும். அதற்குள்தான் படம் இருக்கிறது. நனைந்தால் அது ஊறி மெத்தென்று ஆகும். நகம் பட்டாலே கீறல் விழும்."

"தண்ணீரிலே போச்சே தம்பி" என்றார் ஆயா.

"இது தண்ணீரிலே பிறந்த படம் அக்கா. ஸ்டூடியோவில் மருந்தில் போட்டு எடுப்போம். பிறகு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசுவோம். அலசாவிட்டால் ஹைப்போ மருந்து தங்கிப் படம் மஞ்சளாகும்."

மாமா ஒரு தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். கண்ணாடியோடு படத்தை அதில் வைத்தார். பொறுமையாக இருந்தார். படம் மெல்ல நழுவியது. ஓரத்தைப் பிடித்து எடுத்தார்.

"வெயிலில் வைக்கலாமா மாமா?"

"கூடாது. ஜெலட்டின் காயும்போது சுருங்கும். அடியில் உள்ள தாள் அவ்வளவு சுருங்காது. அதனால் படம் அப்பளம் போல் வளையும். வேகமாகக் காய்ந்தால் அதிகம் வளையும். வெடிப்பும் விழும்."

அவர் செய்த முறை இதுதான்:

1. படத்தைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை வடிய விட்டார்.

2. சுத்தமான பருத்தித் துணியை விரித்தார். படம் மேலே பார்க்கும்படி வைத்தார். படத்தின் முகத்தைத் துடைக்கவில்லை.

3. நிழலில், காற்று வரும் இடத்தில் காயவிட்டார். தூசி படாமல் பார்த்துக்கொண்டார்.

4. நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்தார். மேலே கனமான புத்தகங்களை அடுக்கினார். சில நாள் அப்படியே விட்டார்.

செய்தித்தாளை வைக்கக் கூடாது. அதன் மை படத்தில் ஒட்டும். ஈரம் இருக்கும்போது பாரம் வைக்கவும் கூடாது. படம் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

நனைந்த படத்தை இரண்டு நாளுக்குள் காயவைக்க வேண்டும். தாமதித்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இன்று கம்ப்யூட்டர் பிரிண்டரில் மை கொண்டு அச்சிடும் படங்கள் உண்டு. அவற்றைத் தண்ணீரில் போடக் கூடாது. மை கரைந்துவிடும்.

கறுப்பு வெள்ளைத் தாளும் பிலிமும் நம் நாட்டிலேயே தயாரானது உண்டு. அதற்காக 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது. இருட்டறை வைத்த ஸ்டூடியோக்களும் அரிதாகிவிட்டன. பழைய படம் கெட்டால் மறுபடி எடுக்க முடியாது.

சில நாள் கழித்து மாமா புத்தகங்களை எடுத்தார். படம் தட்டையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கறை. தாத்தாவின் முகம் தெளிவாக இருந்தது.

படத்தின் பின்பக்கம் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ஆயா இப்போதுதான் எழுத்துக் கற்றுக்கொண்டவர். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அது தாத்தாவின் பெயர். இத்தனை நாள் அது அங்கே இருந்தது ஆயாவுக்குத் தெரியாது.

பதில் சொல்லுங்கள்:

1. படம் காயும்போது ஏன் வளைகிறது?

2. ஈரப் படத்தின் மேல் ஏன் பாரம் வைக்கக் கூடாது?

3. உங்கள் வீட்டில் உள்ள பழைய படத்தில் இருப்பவர்கள் யார்? அவர்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்.